ஐந்தாவது மெஷின்

என் தம்பி மனைவிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சங்கத்தில் அது யாருக்கும் தெரியாது. அங்கே அவள் பெயர் கம்ப்யூட்டர். "கம்ப்யூட்டர் வந்தாச்சா?", "கம்ப்யூட்டர் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் மேசை மேல் இருக்கும் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்ப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவாள். இப்போதும் கையைத் தூக்குகிறாள். சிரிப்புதான் இல்லை.

அவளைப் பற்றி யாராவது எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் எழுதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குள் ஒரு எண்ணம் ஓடும். ஓடட்டும்.

பெரிய ஆபீஸில் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்து, சின்னச் சின்ன சேவை அமைப்புகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கப் போகிறேன் என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஊருக்கு உழைக்கக் கிளம்பிட்டியா? வீட்ல அடுப்பு எரிய வேணாமா?" என்று கேட்டேன்.

என் தம்பிதான் குறுக்கே வந்தான். "அக்கா, அடுப்பை நான் பாத்துக்கறேன். மேனேஜர் போகட்டும், விடு."

பெண்டாட்டியை அவன் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவான். அவன் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவன். காது மடலில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தே இன்றைக்கு என்ன கார் வந்தது என்று சொல்லிவிடலாம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதில் இரண்டு பேருக்கும் வருத்தம் உண்டு, சண்டை இல்லை.

அவள் போன இடங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ரத்தம் கொடுக்கிறவர்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு குழு, எல்லோருடைய போன் நம்பரையும் சுவரில் எழுதி வைத்திருந்தது. வீட்டுக்காரர் வெள்ளையடித்ததில் பாதிப் பேர் போய்விட்டார்கள். தெருநாய்களுக்கு வீடு தேடித் தரும் அக்கா தங்கை இருவர், ஒரே நாயை ஆளுக்கொரு பெயரில் போனில் ஏற்றி வைத்திருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் கயிற்றோடு வந்து நின்றன. இதையெல்லாம் அவள் ஒழுங்கு செய்து கொடுத்தாள். யார் எங்கே, எது எங்கே என்று எல்லோர் போனிலும் ஒரே மாதிரி தெரியும்படி செய்தாள்.

போன இடத்தில் எடுத்தவுடன் கம்ப்யூட்டரைத் தொட மாட்டாள். ஒரு வாரம் டம்ளர் கழுவுவாள், வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவாள். என்னடி இது, படித்த படிப்புக்கு இதுதானா என்று கேட்டேன்.

"எந்த வேலையை இவங்க மனசு வராம தள்ளிப் போடறாங்கன்னு பாக்கறேன் அண்ணி. விவரமெல்லாம் அங்கதான் தொலைஞ்சிருக்கும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் சங்கத்துக்கு அவள் வந்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் சங்கம் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருக்கிறது. நோயாளிகளுக்கு வேண்டிய கட்டில், சக்கர நாற்காலி, வாட்டர் பெட், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் இரவல் கொடுப்போம். காசு கிடையாது, வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். தொடங்கியவர் ஒரு பழைய பஸ் கண்டக்டர். விசில்காரர் என்றால்தான் தெரியும். படியேறி வருகிறவர்களை இன்றைக்கும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். நான் முப்பது வருஷம் தையல் மெஷினோடு மாரடித்தவள். கண் மங்கிய பிறகு வீட்டில் சும்மா இருந்தால் சண்டைதான் போடுகிறேன் என்று தம்பிதான் இங்கே கொண்டுவந்து விட்டான். போன் பேசுகிற வேலை எனக்கு.

எங்கள் சங்கத்தில் மனசு வராமல் தள்ளிப் போட்ட வேலை ஒன்று இருந்தது. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் வருவதற்கு முன்னால், விவரம் தெரிந்த ஒருவர் என்று யாரையோ கூட்டிவந்து கம்ப்யூட்டர் வைத்தோம். அவர் தானாகவே மெசேஜ் போகும்படி செய்துவிட்டுப் போனார். "கெடு முடிந்தது. பொருளைத் திருப்பித் தரவும்." ஒரு வீட்டில் பெரியவர் இறந்து, இன்னும் எடுக்கக்கூட இல்லை. மகன் கையில் இருந்த போனில் அந்த மெசேஜ் போய் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் கட்டில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது, தலையணையோடு. விசில்காரர் அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதார். அன்றோடு யாரையும் எதையும் கேட்பதில்லை என்று முடிவு. கட்டிலைத் திருப்பிக் கேட்பது "உங்க ஆள் போயாச்சா?" என்று கேட்பதற்குச் சமம் என்றார். நானும் அதைத்தான் சொன்னேன்.

அதனால் என்ன ஆனதென்றால், ஆள் போன வீடுகளில் மெஷின்கள் போர்வை மூடிச் சும்மா கிடந்தன. மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் எங்கள் பெஞ்சில் காத்துக் கிடந்தார்கள்.

அவள் வந்து டம்ளர் கழுவினாள். ஒரு நாள் ஆக்சிஜன் மெஷின் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அதன் பின்பக்கத்தைக் காட்டி, "இது என்ன நம்பர்?" என்று கேட்டாள். வண்டியில் எவ்வளவு தூரம் ஓடியது என்று காட்டுகிற மீட்டர் மாதிரி, அதிலும் ஒரு சின்ன மீட்டர் உண்டு. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். ஓடினால் ஏறும். நின்றால் அப்படியே நிற்கும். வருஷக்கணக்காகத் தூக்கிக் கொடுத்தோம், எங்களில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

அந்த நம்பரை வைத்து அவள் ஒரு வழி பண்ணினாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் ஒரு வீட்டின் பெயரை எனக்கு எடுத்துக் கொடுக்கும். நான் போன் செய்து இரண்டே கேள்விதான் கேட்க வேண்டும். காத்தை வடிகட்டற பில்டரைக் கழுவினீங்களா? மெஷின் பின்னாடி இருக்கற நம்பர் என்ன? ஆள் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் எவ்வளவு நேரமானாலும் கேட்கலாம். நம்பர் ஏறியிருந்தால் அந்த வீடு திரையில் பச்சையாகும். போன தடவை சொன்ன நம்பரே வந்தால் மஞ்சளாகும்.

"சிவப்பு வைக்க மாட்டியா?" என்று விசில்காரர் கேட்டார்.

"வேணாங்க. சிவப்பைப் பார்த்தா நீங்க உடனே வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவீங்க."

மஞ்சள் வீட்டுக்கு இரண்டு பேர் போக வேண்டும். போனதும் மெஷினைப் பார்க்கக் கூடாது. முதலில் உட்கார வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்களே "எடுத்துக்கோங்க" என்று சொல்லும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பல வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்குத்தான் அவர்கள் அழுவார்கள். சொன்ன பிறகு முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும். இப்படித்தான் போர்வைக்குள் கிடந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மொத்தம் ஐந்து. ஒன்று கூட அதற்குப் பிறகு சும்மா கிடக்கவில்லை. அவள் எங்கள் வீட்டுப் பெண் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அவளிடம் காட்டிக்கொண்டதில்லை.

பிறகு என் தம்பிக்கு இருமல் வந்தது. பெயிண்ட் வாசனைதான், மழைதான் என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே போகிறது, இதற்கு மருந்து இல்லை என்றார். ஐந்தாவது மெஷின் தம்பி வீட்டுக்கு வந்தது. விசில்காரரே தோளில் சுமந்து வந்து வைத்தார். என் வீடும் தம்பி வீடும் ஒரே தெருவில்தான்.

அது ஓடும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம், நடுவில் ஒரு சின்ன சொடுக்கு, மறுபடி உஸ். "என்னைவிட இது நல்லா மூச்சு விடுதுக்கா" என்பான் தம்பி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அவனுடைய பெயரும் என் திரையில் வரும். நானும் போன் செய்வேன். அவன் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி குரலை இழுத்து நம்பரைப் படிப்பான். பாதியில் மூச்சு வாங்கும். கொஞ்சம் நிறுத்தி மிச்சத்தைப் படிப்பான். "பச்சையா அக்கா?" என்பான். "பச்சைதான்டா" என்பேன். போனை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நம்பரைப் போடுவேன்.

ஒரு மத்தியானம் அவன் போய்விட்டான். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப் போனபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். மூக்கில் இருந்த குழாயை எடுத்துத் தலையணை மேல் வைத்தார். மெஷினை நிறுத்தக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் டாக்டர். அணைக்காதீங்க" என்றாள் அவள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஆட்கள் வந்தார்கள், போனார்கள், அவனைத் தூக்கிக்கொண்டு போனோம், திரும்பி வந்தோம். அந்த அறையில் அது ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. கதவைச் சாத்தி வைத்திருந்தாள். உள்ளே உஸ்ஸென்று அந்தச் சத்தம். நான் சாயங்காலங்களில் போய் அவளோடு கூடத்தில் உட்காருவேன். இரண்டு பேரும் பேச மாட்டோம். கண்ணை மூடிக்கொண்டால் தம்பி உள்ளே படுத்திருக்கிறான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போக எழுந்திருக்கவே மனசு வராது.

பதினைந்தாவது நாள் அவன் பெயர் என் திரையில் வந்தது. விசில்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். விதி விதிதானே என்று போன் செய்தேன்.

"பில்டர் கழுவினியா?"

"கழுவிட்டேன் அண்ணி."

"நம்பர்?"

படித்தாள். ஏறியிருந்தது. நான் அதைப் பதிந்தேன். திரையில் என் தம்பி பச்சையானான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேல் கோபம், என் மேல் கோபம், செத்துப்போன அவன் மேலும் கோபம்.

அடுத்த முறையும் அப்படியே. அதற்குள் அவள் சங்கத்துக்கு வரத் தொடங்கியிருந்தாள். காலையில் வருவாள், வேலையைப் பார்ப்பாள், மத்தியானம் வீட்டுக்கு ஓடிவிடுவாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரையும் கேட்காத சங்கம் அது, அவளிடமா கேட்கும்?

அப்போதுதான் ஒரு சைக்கிள் கடைக்காரர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவிக்கும் நுரையீரல்தான். ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை, வீட்டில் மெஷின் இருந்தால் அனுப்பிவிடுகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு ஒரே ஆசை, கடைசியாகத் தன் வீட்டில், தன் ஜன்னலோரம் படுக்க வேண்டும். இருக்கிற நாள் கொஞ்சம். மெஷின் கிடைப்பதற்குள் முடிந்துவிடுமோ என்று மனுஷன் தினமும் கடையைத் திறப்பதற்கு முன்னால் வந்துவிடுவார். சும்மா உட்காரத் தெரியாதவர். எங்கள் சக்கர நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விடுவார், கோணலான கம்பிகளை நிமிர்த்துவார். கிரீச்சிட்டுக்கொண்டிருந்த நாற்காலிகளெல்லாம் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கின. எங்களுக்குத்தான் அவரைப் பார்க்க முடியவில்லை. பச்சையும் மஞ்சளும் என்ன என்று ஒரு நாள் அவர் கேட்டதற்கு, நம்பர் கதையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டரின் மேசைக்கு நேர் எதிரேதான் அந்த பெஞ்ச். அவள் தலையைக் குனிந்துகொண்டே வேலை செய்வாள். ஒரு காலையில் அவர் எழுந்து அவள் மேசைக்கே வந்துவிட்டார். கையெல்லாம் எண்ணெய்.

"அம்மா, மெஷின் ஏதாச்சும் திரும்பி வந்துச்சுங்களா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஐந்து வீடு, ஐந்தும் பச்சை.

"எல்லாம் ஓடிக்கிட்டு இருக்குங்க" என்றாள்.

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவதற்கு நேராக என் தம்பி பெயர் இருக்கிறது. அவருக்கு அவன் யாரென்று தெரியாது.

"ஓடட்டும்மா. நல்லதுதானே. ஓடுதுன்னா அஞ்சு வீட்லயும் ஆள் உயிரோட இருக்காங்கன்னுதானே அர்த்தம்? நல்லா இருக்கட்டும். நாங்க காத்திருக்கோம்" என்றார்.

மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்க் கவிழ்த்துப் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவள் திரையைத் தன் பக்கம் திருப்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது, நடுவில் நின்றது, பிறகு மறுபடியும் கேட்டது.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. போனால் என்ன கேட்கும், என்ன கேட்காது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வரவில்லை. சங்கத்து போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணி, நான்தான். என்னைக் கேளுங்க."

"என்னம்மா கேக்கறது?"

"எல்லார்கிட்டயும் கேப்பீங்களே, அதைக் கேளுங்க."

விசில்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பில்டர் கழுவினியா?"

"கழுவிட்டேன். காயவெச்சு மாட்டிட்டேன்."

"நம்பர் என்னம்மா?"

படித்தாள். ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாகப் படித்தாள்.

"நேத்து சாயங்காலம் இருந்த அதே நம்பர்தான் அண்ணி. மாறலை" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவன் போனதற்குப் பிறகு அவள் சத்தம் போட்டு அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன். போனில் கேட்டேன்.

நானும் விசில்காரரும் போனோம். அறைக் கதவு திறந்திருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. மெஷினைப் பார்க்காமல் உட்கார்ந்தோம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தோம். விதியைப் போட்டவளே எதிரில் உட்கார்ந்திருந்தாள். வீங்கிய கண்ணோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் காத்திருந்தோம். எழுந்து போய்க் குழாயைச் சுருட்டி எடுத்து வந்தாள். அதை விசில்காரர் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

முகத்தில் தெளிவு வரும் என்று சொன்னேனே, அவள் முகத்தில் அது வரவில்லை. நான் எத்தனையோ வீட்டில் பார்த்தது வேறு, இது வேறு. என் தம்பி இரண்டாவது முறை வீட்டை விட்டுப் போனான். விசில்காரர் அந்த மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டில் போட்டிருப்பதாகச் சைக்கிள் கடைக்காரர் வந்து சொன்னார். கம்ப்யூட்டருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நின்றார். அவள் இல்லை. அந்த மெஷின் எங்கிருந்து வந்தது என்று நாங்களும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து அந்த வீட்டின் பெயர் என் திரையில் வந்தது. அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை நான் பேசட்டுமா அண்ணி?"

போனைக் கொடுத்தேன். சைக்கிள் கடைக்காரர்தான் எடுத்தார். பில்டரைக் கேட்டாள், கழுவியாச்சு என்றார். நம்பரைக் கேட்டாள், படித்தார். ஏறியிருந்தது. அவள் தன் கையாலேயே அதைப் பதிந்தாள். அந்தப் பெயர் பச்சையானது. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷங்க. போனை மெஷின் பக்கத்துல வைங்க. சத்தம் சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றாள்.

அப்படி ஒரு கேள்வி எங்கள் விதியில் கிடையாது. அவர் வைத்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் லேசாகக் கேட்டது. உஸ்ஸென்று ஒரு சத்தம், நடுவில் ஒரு சொடுக்கு, மறுபடி உஸ். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அதுவே முதல் தடவை.

"கேக்குதுங்களா?" என்று தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது. "சரியா ஓடுதுங்களா?"

"கேக்குதுங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."